வெள்ளைச் சுவர்க்காரி

எங்கள் எதிர் வீட்டுக்காரி முதல் முறையாக என் வீட்டுக்குள் வந்தபோது உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. காபி கொடுத்தேன், குடித்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யக்கா, இந்த வூட்ல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஏன், இங்கதான் இருக்கேன்."

"பொருளுங்க எல்லாம் இருக்கு. ஆளு எங்க இருக்கறதுன்னு கேட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. குடிவந்து முழுசாக நாலு நாள் ஆகவில்லை, வாய் மட்டும் இத்தனை நீளம்! என் வீட்டுக்காரர் பஹ்ரைனில் வேலை பார்க்கிறார். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குவார். கம்பளி, கண்ணாடிக் கோப்பை, பால் பவுடர் டப்பா, அசல் பூவைத் தோற்கடிக்கிற பிளாஸ்டிக் பூ. காலி டப்பாவைக்கூட எறிய எனக்கு மனசு வராது. எறிந்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பது என் கட்சி. இவளோடு ஒரு மாசத்துக்குப் பேசக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். மறுநாள் காலையில் கறிவேப்பிலை இல்லாமல் போனதால் நானே போய் அவள் கதவைத் தட்டும்படி ஆகிவிட்டது.

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மாடி வீட்டின் மேல்தளம் அது. படியேறி வந்தால் இடது பக்கம் நான், வலது பக்கம் அவள். இரண்டு வீடும் ஒரே அளவு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, திரும்பினால் முழங்கை இடிக்கும் சமையலறை. அவள் கதவைத் திறந்ததும் நான் கறிவேப்பிலையை மறந்துவிட்டேன். நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். தரையில் ஒரு கோரைப்பாய். ஒரு மரப் பெஞ்சு. ஜன்னலில் ஒரு மண்சட்டி, அதில் காய்ந்த நாணல் பூ. பிரம்புக் கூடையைக் கவிழ்த்து பல்புக்குக் குல்லா போட்டிருந்தாள். வேறு ஒன்றும் இல்லை, சத்தியமாக ஒன்றும் இல்லை.

"என்னடி இது, கொள்ளை போன வூடு மாதிரி கெடக்கு!"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. போனை எடுத்துக் காட்டினாள். "இதுக்குப் பேரு ஸ்காண்டிநேவியன் ஸ்டைலுக்கா. சுவீடன், நார்வே, அந்தப் பக்கம். அவுங்களுக்கும் சின்ன வூடுதான். பாருங்க, மரம், நாரு, மண்ணு, பருத்தி. அவ்ளோதான். அங்க பாதி வருசத்துக்கு வெயிலே சரியா அடிக்காதாம். அதான் செவுரு பூரா வெள்ளை அடிச்சி இருக்கற வெளிச்சத்தப் புடிச்சி வச்சிக்கிறாங்க."

"நமக்குத்தான் வெயிலு மண்டையப் பொளக்குதே. நீ எதுக்குப் புடிச்சி வக்கிற?"

"வெயிலுக்கு இல்லக்கா. எடத்துக்கு."

சென்னையைத் தாண்டி எங்கும் போனதில்லை அவள். அந்த வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது அவளுக்கு வேண்டாம், பின்னால் தெரிகிற சுவர் போதும். அங்கே பிர்ச் மரமோ என்னவோ சொல்கிறார்கள், இங்கே நமக்குச் சவுக்கு இருக்கிறது என்பாள். அவர்கள் ஆட்டுத்தோலை விரித்தால் இவள் கோரையை விரித்தாள். கடற்கரைக்குப் போனால் எல்லாரும் சுண்டல் வாங்குவார்கள், இவள் கரையில் ஒதுங்கிய குச்சியைப் பொறுக்கிக்கொண்டு வருவாள்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒரு பொருள் உள்ளே வந்தால் ஒரு பொருள் வெளியே போக வேண்டும். அவள் புருஷன் கம்பெனி வேலைக்காரர், பரம சாது. ஆசையாக ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிவந்தார். அதற்குப் பதிலாக வெளியே போனது அவருடைய கேரம் போர்டு. "அடுத்து நான்தாங்க" என்று படிக்கட்டில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் மீனவக் குப்பத்தில் பிறந்தவள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவள். அலை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்ததால்தான் இவளுக்குப் பொருள்மேல் பற்று விட்டுப்போயிற்று என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் மெதுவாகக் கேட்டும் விட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அதெல்லாம் ஒன்னும் இல்லக்கா. துணிக்கடையில பொடவை செக்‌ஷன்ல நிக்கிறேன் நானு. ஒரு அம்மா வந்தா அறுவது பொடவை பிரிப்பாங்க. ஒன்னு எடுப்பாங்க, இல்லன்னா அதுவும் எடுக்க மாட்டாங்க. நாள் பூரா கலரு, நாள் பூரா மடிக்கிறேன். வூட்டுக்கு வந்தா கண்ணுக்கு ஒன்னும் இருக்கக் கூடாது. ஒரு வாரம் வந்து மடிச்சிப் பாருங்க, நீங்களும் வெள்ளை அடிப்பீங்க."

இப்போது அவள் ஓசூரில் இருக்கிறாள், புருஷனுக்கு அங்கே மாற்றலாகிவிட்டது. அவளை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அந்த வெள்ளையடிப்புக் கூத்து அப்படிப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் புருஷனுமாகக் கூடத்துக்கு மறுபடி வெள்ளை அடித்தார்கள். இருந்த பெஞ்சையும் மொட்டை மாடிக்கு ஏற்றியாயிற்று. ஜன்னலுக்கு வெள்ளை வேட்டியைக் கிழித்துத் திரை கட்டினாள். சுவீடன் பக்கம் சாயங்காலம் வீட்டுக்குள் மெழுகுவத்தி ஏற்றுவார்களாம், இவள் அதற்குப் பதிலாக நடுக்கூடத்தில் தரையில் ஓர் அகல் விளக்கை ஏற்றி, பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையை வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் வேலை செய்த களைப்பில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கீழ்ப்படியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வீட்டு ஓனரம்மா கோயிலிலிருந்து வந்தவள், அவரைப் பார்த்தாள். படியேறி வந்து எட்டிப் பார்த்தாள். ஒழித்துப்போட்ட கூடம், வெள்ளைத் துணி, தரையில் விளக்கு.

"ஐயோ, யாரும்மா? எப்பம்மா?" என்று மாரில் அடித்துக்கொண்டாள் பாருங்கள், தெருவே கூடிவிட்டது. செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக ஏறி வருகிறார்கள். ஆண்கள் தோளில் துண்டோடு கைகட்டி நிற்கிறார்கள். முக்கு வீட்டுக்காரர் அதற்குள் ஒரு ரோஜா மாலையே வாங்கிவந்துவிட்டார்.

இவள் வெள்ளையடிக்கும் மட்டையோடு வெளியே வந்தாள். ஒரு நிமிஷம் எல்லாரையும் பார்த்தாள். "யாரும் போவல. எல்லாரும் இருக்கோம். வந்தது வந்துட்டீங்க, டீ சாப்புட்டுப் போங்க" என்றாள். மாலையோடு திருதிருவென விழித்தவரிடமிருந்து அதையும் வாங்கிக்கொண்டாள். இதழ்களை உதிர்த்து முறத்தில் காயவைத்து ஒரு மண்கிண்ணத்தில் போட்டு வைத்தாள். நல்ல வாசனை வந்தது.

"மாலை உள்ள வந்துச்சே, வெளிய என்னடி போச்சு?" என்று கேட்டேன்.

"என் மானம்" என்றாள்.

இனி வருகிற விஷயத்துக்குச் சிரிக்க முடியாது.

என் அப்பா சிதம்பரத்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தெற்கு வீதிப் பக்கம் ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தார். சர்க்கரை அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் பேப்பர் போயிற்று, பிறகு முகங்கள், கடைசியில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதுகூடப் போயிற்று. சென்னையில் இருக்கிற என் தம்பி போனில் சொன்னான்: "யக்கா, நல்ல ஹோம் ஒன்னு பாத்து வச்சிருக்கேன். விட்டுடலாம்." ஒரு மாசம் என் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன், முடியாவிட்டால் அப்புறம் நீ சொல்கிறபடி செய் என்றேன்.

முடியாமல் போவதற்கு ஒரே காரணம்தான் இருந்தது. நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போகலாம். பாத்ரூமுக்கு அவர் தானே போய்த் தானே வர வேண்டும். அப்பாவும் அதைத்தான் சொன்னார். "எந்தப் பொண்ணாவது என் கையைப் புடிச்சிக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போற நாள் வந்தா, அன்னைக்கே என்னைக் கொண்டுபோயி எங்கயாவது விட்டுடு. நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்."

வீட்டைக் காலி பண்ண அவளையும் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலி பண்ணுவதென்றால் அவளுக்குச் சொல்லவா வேண்டும், சுவீட் வாங்கிக் கொடுத்த மாதிரி வந்தாள். அங்கே அப்பா எங்களுக்கு மோர் கலக்கிக் கொடுத்தார். கட்டிலிலிருந்து எழுந்தார், பீரோ, தையல் மிஷின், நாற்காலி, அரிசி டிரம் என்று அடைந்து கிடந்த அந்த அறைக்குள் ஓர் இடத்திலும் இடிக்காமல் சமையலறைக்குப் போனார், வந்தார்.

"யக்கா, கண்ணு தெரியாதுன்னீங்க?" என்று என் காதில் கிசுகிசுத்தாள். எனக்கும் ஆச்சரியம்தான். அவ்வளவு நேரம் கண்ணெதிரே பார்த்தும் எங்கள் இரண்டு பேருக்குமே ஒன்றும் உறைக்கவில்லை.

என் வீட்டுக்கு வந்த முதல் நாளே அப்பா டீப்பாயில் இடித்துக்கொண்டு முழங்காலில் ரத்தம். இரண்டாம் நாள் பால் பவுடர் டப்பாக்கள் சரிந்து தலையில் விழுந்தன. எதிர் வீட்டுக்காரி வந்து பார்த்தாள். "எடம் பண்ணிக் குடுத்துடலாம்க்கா" என்றாள். காலி டப்பாவைக்கூட எறியாத நான், அப்பாவுக்காகச் சரி என்றேன்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. பஹ்ரைன் சாமான் அத்தனையும் மொட்டை மாடி ஷெட்டுக்குப் போயிற்று. சுவருக்கு வெள்ளை. அப்பாவின் கட்டில் ஒரு மூலையில், பாத்ரூம் எதிர் மூலையில், நடுவில் ஒரு துரும்பு கிடையாது. அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, இனிமே எதுலயும் இடிக்க மாட்டீங்க" என்றாள். அப்பா முகத்தை நிமிர்த்தி, "நல்லாருக்கு பாப்பா. காத்து வருது" என்றார்.

திங்கட்கிழமை மதியம் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டது. நான் கதவைத் திறந்தேன். நடுக்கூடத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் இரண்டு பக்கம் நீண்டிருந்தன, ஒரு கைக்கும் ஒன்றும் எட்டவில்லை. வேட்டி நனைந்து, காலடியில் ஈரம். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ, ஈரத்தின் ஓரம் காய ஆரம்பித்திருந்தது.

"யாரு?" என்றார்.

"நான்தாம்பா."

"ஒன்னும் இல்லம்மா. செவுரு எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." நீட்டிய கைகளை இறக்கிக்கொண்டு, "தம்பிக்குப் போன் போட்டுடு" என்றார்.

போட்டேன். சனிக்கிழமை காலையில் காரோடு வருகிறேன் என்றான்.

அன்று சாயங்காலம் அவள் கடை விட்டுச் சாப்பாட்டுப் பையோடு படியேறி வந்தபோது பிடித்துக்கொண்டேன். "உன் பைத்தியத்துக்கு எங்கப்பாதான் கெடச்சாரா? வூட்டத் தொடச்சி எழவு வூடா ஆக்கறதே உனக்கு வேலையா? இடம் குடுத்தா மடத்தப் புடுங்குவன்னு தெரியாம போச்சே எனக்கு!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். சரி என்று தலையாட்டியது நான்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கத்தினேன்.

மறுநாள் காலையில் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, உங்க கூடத்துல கொஞ்ச நேரம் இருந்துக்கவா?" என்றாள். அப்பா வா பாப்பா என்றார். துப்பட்டாவை மடித்துக் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டாள். கட்டிலிலிருந்து எழுந்து நடந்தாள். நாலு அடி நேராகப் போனாள், ஐந்தாவது அடியில் திசை மாறிவிட்டது. நின்றாள். கையை நீட்டினாள், இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அவ்வளவு சின்னக் கூடத்தில் அவளுக்கு ஒரு சுவரும் அகப்படவில்லை.

"யக்கா" என்றாள். "இங்க ஒன்னுமே இல்லக்கா."

கட்டை அவிழ்த்துவிட்டு அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். "சிதம்பரத்துல எப்டிப்பா நடந்தீங்க?"

"நடக்கலியே. ஒன்ன வுட்டு ஒன்னப் புடிச்சேன். பீரோவ வுட்டா மிஷினு, மிஷின வுட்டா சேரு, சேர வுட்டா டிரம்மு. கை போற எடத்துல ஏதாவது ஒன்னு நிக்கும்."

அப்படியானால் சாமான்களை இறக்கிவிடலாம் என்றேன் நான். "இறக்குனா திரும்ப முட்டி ஒடையும். கைக்கு ஒன்னு போதும்க்கா, அது நவுரக் கூடாது" என்றாள். அந்த நிலைமையிலும் அவளுக்குப் பொருள் ஒன்றுதான், இரண்டு கிடையாது.

முதலில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை கோரைப்பாயை நீளமாக விரித்துப் பார்த்தாள், காலே வழி சொல்லும் என்று. அப்பா இரண்டு அடி வைத்துவிட்டு நின்றார். "பாதம் மரத்துப்போயி ரெண்டு வருசம் ஆவுது பாப்பா. பாயா தரையான்னு எனக்குத் தெரியல." அவள் பாயைச் சுருட்டிக்கொண்டாள். புதன்கிழமை முதுநகர்ப் பக்கம் மரவாடிக்குப் போய் இரண்டு நீளச் சவுக்குக் கழிகளை வாங்கி, புருஷனின் பைக்கில் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு கொண்டுவந்தாள். பட்டையை உரித்தாள். உப்புத்தாளால் தேய்தேய் என்று தேய்த்தாள். குத்துகிற சிலாம்பு இருக்கிறதா என்று தன் கன்னத்தை வைத்து உரசிப் பார்த்தாள். எண்ணெய் போட்டுக் காயவைத்தாள். அப்பாவை நிற்கவைத்து, கை இயல்பாகப் போய் விழுகிற உயரத்தைச் சுவரில் கோடு போட்டாள். கட்டிலிலிருந்து இரண்டு சுவரையும் சுற்றிப் பாத்ரூம் வரை கழியை அடித்து நிறுத்தினார் புருஷன்.

நடுவில் சமையலறை வாசல் இருந்தது. அங்கே சுவர் இல்லை. வாசலுக்குக் குறுக்கே முறுக்கேற்றிய தேங்காய் நார்க் கயிற்றை இழுத்துக் கட்டினாள். அப்புறம் கழிமேலேயே நார்க் கயிற்றைச் சுற்றி அடையாளம் வைத்தாள். ஒரு சுற்று என்றால் தண்ணீர்ப் பானை, இரண்டு சுற்று சாப்பாட்டு மேடை, மூன்று சுற்று பாத்ரூம். "வலைக்காரன் பொண்ணுப்பா நானு. நான் போட்ட முடிச்சி அவுராது" என்றாள்.

"நான் அடுப்படிக்கு எப்டிடி போறது?" என்றேன். அந்த வாரத்தில் அவளிடம் நான் பேசிய முதல் நல்ல வார்த்தை அதுதான்.

"குனிஞ்சி போங்க. கொறஞ்சிட மாட்டீங்க."

எல்லாம் முடிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. அப்பா கட்டிலை விட்டுத் தானாக எழவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் லீவு போட்டுக் கைபிடித்துத்தான் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். பாத்ரூம் வாசலிலேயே நிற்பேன். கதவைச் சாத்தக் கூடாது, தாழ்ப்பாள் போடவே கூடாது, விழுந்தால் எப்படித் திறப்பது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

சனிக்கிழமை காலையில் அவர் பை தயாராக இருந்தது. கழியை ஒருமுறை தொட்டாவது பாருங்கள் என்று சொல்லத்தான் அவள் வந்தாள். பையைப் பார்த்ததும் வாசலோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்பா எழுந்தார். கையை மெதுவாகச் சுவர்ப்பக்கம் கொண்டுபோனார். கை கழியில் பட்டது. விரலால் தடவிப் பார்த்தார். "சவுக்கா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஓர் அடி வைத்தார், இன்னோர் அடி. ஒரு சுற்றைக் கட்டைவிரலால் எண்ணினார். மூலையில் திரும்பினார். இரண்டு சுற்று. சமையலறை வாசலில் கழி முடிந்ததும் கை ஒரு கணம் தயங்கியது, கயிற்றைப் பிடித்ததும் நடந்தது. மூன்று சுற்று. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது.

உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, தாழ்..." என்று நான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து என் வாயைப் பொத்தினாள். நார் அறுத்து அறுத்து உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது.

கீழே தம்பியின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. உள்ளே குழாய் திறந்து தண்ணீர் வாளியில் விழுந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அவள் விரலெல்லாம் நனைந்தது. அவள் கையை எடுக்கவில்லை.